கடைக் கழனித் தவளைகள்

எங்கள் கிணற்று மேட்டில் நின்று பார்த்தால் கழனிகள் படி இறங்குவதுபோல ஒன்றின்கீழ் ஒன்றாகப் போகும். மொத்தம் எட்டு. எட்டாவதைக் கடைக் கழனி என்போம். அதற்கும் கீழே, எங்களுடையது அல்லாத முப்பது சென்ட் துண்டு ஒன்று இருந்தது. அதைத் தாண்டினால் ஏரிக்கால்வாய், அதன் கரையில் ஒரே ஒரு குடிசை. இந்தத் தூரத்தைப் பகலில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். இருட்டில் நடக்க மட்டும் என்னால் முடியாது.

அது எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரிலிருந்து நாலு மைல் உள்ளே எங்கள் ஊர். பம்புசெட்டுக்குக் கரண்டு ராத்திரியில்தான் ஒழுங்காக வரும். பகலில் வந்தால் வோல்டேஜ் இல்லாமல் மோட்டார் முனகும், அப்படியே ஓடவிட்டால் உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருள் கருகிவிடும். அதனால் மோட்டார் வைத்திருந்த வீடுகளில் ஓர் ஆள் கொட்டகையில் படுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். அண்ணன் மெட்ராஸில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டான். அப்பாவுக்கு இழுப்பு; அம்மா அவரை விட்டு நகர முடியாது. ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவனுக்கு வேறு என்ன வேலை கொடுக்கலாம் என்று வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வெளியே சொல்லிக்கொள்ளும்படியான காரணம் கிடையாது. அடிக்குப் பயந்து நிற்கவில்லை, கணக்கும் ஓரளவு வந்தது. வகுப்பில் உட்கார்ந்தால் வீட்டில் என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றும். அம்மாவுக்குக் கிணற்றடியில் கால் வழுக்கியிருக்கும், கூரையில் அடுப்புப் பொறி பட்டிருக்கும், மாடு அப்பாவை முட்டியிருக்கும். வாத்தியார் கரும்பலகையில் எழுதுவது எதுவும் தலையில் ஏறாது. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு நாலு மைலும் ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தால் அம்மா உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். ஒரு வருஷம் இதைப் பார்த்த அப்பா, "இவன் அங்க போயி ஒக்காந்தாலும் இங்கதான் கீறான். இங்கியே இருக்கட்டும் வுடு" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கவலை கொட்டகைக்கும் கூடவே வந்தது. ஃபியூஸ் போய்விடுமோ, கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் காற்றை இழுக்குமோ, பூட்டைப் பூட்டினேனா இல்லையா. ஒரு பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேல் பாம்பு. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் இரண்டு பேர் வரப்பில் கடிபட்டிருக்கிறார்கள். ஒருவர் பிழைத்துக்கொண்டார். நான் மற்றவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பேன்.

தண்ணீர் பாய்ச்சுவது லேசான வேலைபோலத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் மண் கால்வாயில் ஓடிக் கடைக் கழனிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். கரண்டு நன்றாக இருந்தால் சீக்கிரம் போகும், எலி வளை எதிலாவது இறங்கிவிட்டால் போகவே போகாது. போய்ச் சேர்ந்து கழனி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் வரப்பு உடையும். மற்றவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லாந்தர் வெளிச்சத்தில் கடைசி வரை நடந்து பார்த்துவிட்டு வருவார்கள். நான் இருட்டுவதற்கு முன்பே மற்ற மடைகளையெல்லாம் அடைத்து, கடைக் கழனி மடையைத் திறந்து வைத்துவிட்டு வந்து படுத்துவிடுவேன். கரண்டு வந்ததும் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுக் கட்டிலில் படுத்தபடியே கேட்பேன்.

கடைக் கழனியில் தவளைகள் இருந்தன. சின்னத் தவளைகளைச் சொல்லவில்லை. அவை எங்கேயும் எப்போதும் கிர்ரென்று கத்திக்கொண்டிருக்கும், அவற்றை நம்ப முடியாது. நான் சொல்வது கையகலம் இருக்கும் பெரிய தவளைகளை. பச்சை உடம்பு, முதுகின் நடுவே ஒரு மஞ்சள் கோடு. காய்ந்த நாட்களில் வரப்புப் பொந்திலும் வெடிப்பிலும் பதுங்கிக் கிடக்கும். தண்ணீர் வந்து தொட்டதும் வெளியே வந்து கத்த ஆரம்பிக்கும். காலிக் குடத்துக்குள் வாயை வைத்து யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும் அந்தக் குரல். முதலில் ஒன்று, அப்புறம் அதற்குப் பதில்போல இன்னொன்று, அப்புறம் எல்லாம் சேர்ந்து. ஏழு கழனி தாண்டி, மோட்டார் சத்தத்தையும் தாண்டி, கொட்டகைக்குக் கேட்கும். எல்லாம் சேர்ந்து கத்த ஆரம்பித்ததிலிருந்து நிதானமாக நூறு எண்ணுவேன். நூறு ஆனதும் சிவப்புப் பொத்தான். காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் வரப்புக்கு நாலு விரல் கீழே கண்ணாடிபோல நிற்கும்.

இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பயத்தில் நானாகக் கண்டுபிடித்தது. யாரிடமும் சொல்லவும் இல்லை, சொன்னால் இருட்டுக்குப் பயந்தவன் என்று ஊரே சிரிக்கும்.

ஆனால் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. கால்வாய்க் கரையில் குடிசை என்றேனே, அதில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அந்த அம்மா எங்கள் கழனிக்கு நடவு நட வருவார். எனக்குப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் நான் வா, போ என்றுதான் பேசினேன், அவர் என்னைச் சின்ன நைனா என்றார். அப்போது அது எனக்கு உறுத்தவில்லை. எதற்கெடுத்தாலும் கவலைப்பட்டவனுக்கு உறுத்தாத விஷயங்களும் இருந்தன என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஒருநாள் கடைக் கழனியில் நடவு. நாற்றுக் கட்டை அவர் பக்கம் வீசினேன். குனிந்த தலை நிமிராமலே அவர் சொன்னார்:

"சின்ன நைனா, உன் மோட்டாரு எப்ப நிக்கும்னு எனக்கு வூட்ல படுத்துக்கினே தெரியும்."

"எப்டி?"

"தவள ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல நிக்குது. தெனமும் பாத்துக்கினுதான் கீறேன். கூலி குடுக்காத ஆள வச்சிக்கினு கீற நீ."

வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் ராத்திரியில் தவளை கத்த ஆரம்பித்தால், அங்கே அந்தக் குடிசையிலும் ஒருவர் படுத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் பொத்தானை அழுத்துவதற்காகக் காத்திருக்கிறார் என்ற நினைப்பு வரும். நாங்கள் அதைப் பற்றித் திரும்பப் பேசியதே இல்லை. ஆனாலும் அந்த வயதில் எனக்குத் துணை என்று இருந்தது அதுதான். வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

தவளை வாங்க ஆள் வந்தது ஓர் ஆடி மாதத்தில். சைக்கிளில் வந்தார், பேன்ட் போட்டிருந்தார். எங்கேயோ ஒரு கம்பெனிக்கு ஏஜென்ட் என்றார். முதலில் யாரும் நம்பவில்லை, கேலி செய்தார்கள். தவளையை எடைக்கு எடுத்துக் கையில் காசு கொடுப்பார் என்று தெரிந்ததும் கேலி நின்றது. பெட்ரோமாக்ஸ் விளக்கும் அவரே கொடுத்தார். விளக்கைக் கண்ணுக்கு நேராகக் காட்டினால் பெரிய தவளை நகராமல் உட்கார்ந்திருக்கும், போய்க் கையால் எடுத்து இடுப்பில் கட்டிய கோணியில் போட வேண்டியதுதான். குடிசைக்காரர் இதில் கெட்டிக்காரர். கூலி வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்றிருந்தவருக்கு இது பெரிய விஷயம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏனென்றால் பிடித்த தவளைகள் விடியும் வரை இருந்தது எங்கள் கொட்டகையில்.

கோணி காய்ந்தால் தவளை செத்துவிடும், செத்ததைக் கம்பெனி எடுக்காது. எங்கள் கொட்டகையில் சிமென்ட் தொட்டி இருந்தது, தண்ணீர் இருந்தது, தூங்காத ஓர் ஆளும் இருந்தான். ஏஜென்ட் அப்பாவிடம் பேசி முடித்துவிட்டார். அடிக்கடி கோணிமேல் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

ஒருநாள் விடிகாலையில் கோணிகளை சைக்கிளில் கட்டும்போது அவரிடம் கேட்டேன், இதெல்லாம் எங்கே போகிறது என்று.

"கப்பல்ல ஏறி வெளிநாட்டுக்குப் போவுது தம்பி. அங்க கோழி மாதிரி துன்றான். காலு மட்டும்."

"மிச்சம்?"

"மிச்சம் இன்னா மிச்சம். குழிதான்."

அந்த நாட்டில் தவளையே கிடையாதா, இல்லை இருந்து தின்று தீர்ந்துபோனதா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. அவர் போன பிறகு ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு ஊரில், வெள்ளைத் தட்டில், எங்கள் கடைக் கழனியின் கால்கள். அவர்களுக்கு அதன் குரல் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கோணிக்குள் தவளைகள் கத்தாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் சத்தம் மட்டும் வரும், ஈரத்துணியைக் கல்லில் மெதுவாகத் தேய்ப்பதுபோல. மேலே விரலை வைத்தால் உள்ளே மூச்சு தெரியும். என் கட்டிலின் கால்மாட்டில்தான் கோணிகளை வைப்பார்கள். பாம்புக்குத் தவளை வாசனை தெரியும் என்று யாரோ சொன்னதிலிருந்து எனக்கு அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. கோணிகளைச் சுற்றிச் சாம்பலைத் தூவி வைத்தேன்.

இப்போது நினைத்தால் ஒன்று புரிகிறது. நான் கவலைப்படாத நாளே இல்லை. ஆனால் தொட்டி ஒழுகுமா, கோணி காயுமா, பாம்பு வருமா என்றுதான் கவலைப்பட்டேனே தவிர, கடைக் கழனியில் குரல் குறைந்துகொண்டு வந்ததைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படவில்லை. குறைவது தெரிந்தது. முதல் வருஷம் எத்தனை என்று எண்ண முடியாது. அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் நாலு குரலைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. வடக்கு மூலையில் இருந்தது கொஞ்சம் கரகரப்பாகக் கத்தும். கொஞ்ச நாளில் இரண்டு குரல்தான். தவளை பிடிக்கிறவர்கள் சைக்கிளில் தென்னேரிப் பக்கமெல்லாம் போக ஆரம்பித்தார்கள். இரண்டு இருந்தாலும் போதும், வேலை நடக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

அந்த ஆடியில்தான் கால்வாய் ஓரத்து முப்பது சென்ட் குடிசையில் இருந்தவர்கள் கைக்கு வந்தது.

நிலத்துக்குச் சொந்தக்காரர் காஞ்சிபுரத்தில் இருந்தார். அவருடைய ஆள் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்தத் துண்டு ரொம்ப நாளாகச் சும்மா கிடந்தது. அந்த அம்மா அந்த ஆளிடம் போய்ப் போய்க் கேட்டு, வாரத்துக்கு வாங்கிவிட்டார், விளைந்ததில் பாதி நிலத்துக்காரருக்கு. ஒரே ஒரு சம்பாப் போகத்துக்கு மட்டும். பயிர் ஏறினால் தொடர்ந்து செய்யலாம், இல்லாவிட்டால் சவுக்கு வைத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். சவுக்கு அப்போது எல்லாப் பக்கமும் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஆள் வேண்டாம், மடை வேண்டாம், வைத்துவிட்டுப் போய் நாலைந்து வருஷம் கழித்து வந்து வெட்டலாம்.

பிறந்ததிலிருந்து ஊரார் கழனியிலேயே நட்டு, ஊரார் களத்திலேயே தூற்றியவர் அவர். சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லில் பாதியை விதைக்கு எடுத்துவிட்டார். அதை ஊறவைத்து, கோணியில் கட்டி வைக்கோலுக்குள் வைத்து, முளை விட்டதும் துண்டின் ஒரு மூலையில் சேறடித்து நாற்றங்காலில் தெளித்தார். தண்ணீருக்குக் கால்வாயிலிருந்து குடம் குடமாக மொண்டுவந்து ஊற்றினார். அதைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார். பகலெல்லாம் குருவி ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விதைத்து மூன்றாம் நாள் சாயங்காலம் நான் மடை திறக்கப் போனபோது அங்கேதான் இருந்தார்.

"சின்ன நைனா, ராத்திரிக்கு இங்கதான் பாய்ச்சப் போறியா?"

நாளைக்குச் சேற்றுழவு, ஏர் சொல்லியாகிவிட்டது என்றேன்.

"பாத்துக்கப்பா. வெத இன்னும் வேர் ஊனல. உன் தண்ணி இந்தப் பக்கம் வந்துச்சினா எல்லாத்தையும் வாரிக்கினு பூடும்."

"தவள கத்துனதும் நிறுத்திட மாட்டேனா," என்றேன். அவரிடம் நானாக அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சிரித்துவிட்டார். "அது செரி" என்றார்.

அன்றைக்குக் கரண்டு நன்றாக வந்தது. மோட்டார் முனகாமல் ஓடியது. கால்மாட்டில் இரண்டு கோணி இருந்தன. குடிசைக்காரர் முதல் நாள் பிடித்தவை. ஏஜென்ட் அன்று காலை வராததால் அப்படியே இருந்தன. குடிசைக்காரர் அன்றைக்கும் விளக்கை எடுத்துக்கொண்டு வேறு ஊர்ப்பக்கம் போயிருந்தார். நான் கோணிகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தேன்.

கேட்கவில்லை. சின்னத் தவளைகள் கிர்ரென்று கத்திக்கொண்டிருந்தன. அந்தக் குடத்துக் குரல் மட்டும் வரவில்லை. தண்ணீர் இன்னும் போய்ச் சேரவில்லைபோல என்று நினைத்தேன். அப்புறம், எலி வளையில் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்க்கலாம் என்று எழுந்து டார்ச்சை எடுத்தேன். முதல் கழனி வரப்பில் நாலு அடி வைத்திருப்பேன், புல்லில் என்னவோ சரசரத்தது. திரும்பி வந்து கட்டிலில் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எதற்கும் நூறு எண்ணிவிட்டு நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாதியிலேயே நின்றிருந்தால் காலையில் ஏர்க்காரர்கள் வந்து நிற்பார்கள், அப்பா என்ன சொல்வார். கத்தட்டும், கத்தினதும் நிறுத்தலாம். கால்மாட்டில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. கத்த வேண்டியவை அவைதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. இதை எத்தனை வருஷம் யோசித்தாலும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கரண்டு தானாகப் போய் மோட்டார் நின்றபோது கீழ்வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஓடினேன்.

கடைக் கழனியின் கீழ் வரப்பு ஒரு முழ அகலத்துக்கு உடைந்திருந்தது. நாற்றங்கால் இருந்த இடத்தில் வழவழவென்று சேறு மட்டும். விதையெல்லாம் ஒரு மூலையில், துடைப்பத்தால் கூட்டி ஒதுக்கினதுபோலக் குவிந்து கிடந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு முளை. மிச்சம் கால்வாயில் போயிருந்தது. மைனாக்கள் அதற்குள் வந்துவிட்டன. அந்த அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார், மைனாக்களை ஓட்டவில்லை.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கத்தல இல்ல?" என்றார்.

"கத்தல."

"நானும் அத்த நம்பித்தான் படுத்துக்கினு இருந்தேன். கத்துனா எழுந்து வந்து ஒரு பார்வ பாக்கலாம்னு." உடைந்த வரப்பைப் பார்த்துக்கொண்டே, "எப்டிக் கத்தும்? எங்கூட்டு ஆளுதான் முந்தாநேத்து இந்த வரப்புலேர்ந்து ரெண்டையும் புடிச்சிக்கினு வந்துச்சே. கடசி ரெண்டுன்னு சொல்லிக்கினு வந்துச்சி" என்றார்.

நான் மண்வெட்டி எடுத்துவந்து வரப்பை அடைத்தேன். அவர் உட்கார்ந்து அந்த மூலையிலிருந்த விதையைச் சேற்றோடு அள்ளி மறுபடி தெளித்துப் பார்த்தார். முளை ஒடிந்தவை, அழுகப் போகிறவை. அது அவருக்கும் தெரியும்.

நாங்கள் நாற்று விட்டு இருபது நாள் ஆகியிருந்தது. செழிப்பாக நின்றது. முப்பது சென்டுக்கு எத்தனை கட்டு போய்விடும்? அன்று காலையே, அங்கேயே, "எங்க நாத்து தர்றேன், நட்டுக்க" என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அப்பாவைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். சரி, அப்பாவைக் கேட்கலாம் என்றால், ஏன் உடைந்தது என்று கேட்பார், தவளைக் கதையைச் சொல்ல வேண்டிவரும். நமக்கே நாற்று போதாமல் போனால்? நடுவில் பூச்சி விழுந்தால்? இப்படி நாலு நாள் போனது. நாலு நாளும் கடைக் கழனிப் பக்கம் போகாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது ஒருவழியாகச் சொன்னேன். அப்பா இருமிக்கொண்டே, "இதுக்காடா நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருந்த? குடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். தவளையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஆறு கட்டுப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். தண்ணீர் முதுகெல்லாம் சொட்டியது. நாலைந்து தடவையாகச் சுமந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். அந்த அம்மா குடிசை வாசலில் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

"நேத்து காஞ்சிபுரத்து ஆளு வந்துட்டுப் போனான், சின்ன நைனா. நாத்தும் இல்ல ஒண்ணும் இல்ல, இன்னா பண்ணிக்கினு கீறீங்கன்னு கேட்டான். சவுக்குக் கன்னு சொல்லியாச்சாம்."

நாங்கள் வந்து பேசுகிறோம் என்றேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போகலாம் என்றேன். எனக்கே அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

"நேத்து இது இங்க இருந்திருந்தா காட்டியிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என் தலையிலிருந்த நாற்றைப் பார்த்தார். "இத்த மறுபடி தூக்கிக்கினா போவப் போற? எறக்கு. ஆட்டுக்காவது ஆவட்டும்."

இறக்கி வைத்தேன். குட்டி உடனே தின்ன ஆரம்பித்தது. மூவரும் அது தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது ஆள், அவர் புருஷன், உள்ளே இருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பெட்ரோமாக்ஸ் கூரையில் தொங்கியது.

ஐப்பசிக்கு முன்பே சவுக்குக் கன்று வைத்துவிட்டார்கள். அவர்கள் இருவரும் வாலாஜாபாத் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். சொல்லிக்கொண்டு போகவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும்? அந்தச் சொந்தக்காரர் எப்படியும் சவுக்குதான் வைத்திருப்பார், உன்னால் ஒன்றும் இல்லை என்று அம்மா சொன்னாள். ஊரிலும் அதையேதான் சொன்னார்கள். இருக்கலாம்.

ஏஜென்டிடம் இனிமேல் இங்கே கோணி வைக்க வேண்டாம் என்று சொல்லத் தீர்மானித்தேன். தனியாக மூன்று நாள் சொல்லிப் பழகினேன். அவர் வந்து நின்றதும், "தொட்டி ஒழுவுது" என்று பொய்தான் வந்தது. அவர் அதற்கொன்றும் வருத்தப்படவில்லை. இந்தப் பக்கம் சரக்கே கிடைக்கல தம்பி, நானே சொல்லலாம்னு இருந்தேன் என்றார்.

அதற்கடுத்த வருஷங்களில் பயிரில் பச்சைத் தத்துப்பூச்சி விழுந்தது. தூறைக் கையால் விலக்கினால் குபீரென்று எழும்பி முகத்தில் மோதும். கடன் வாங்கியாவது மருந்து அடிக்காமல் முடியாது என்று ஆனது. மருந்து அடித்த மறுநாள் கால்வாயில் நண்டுகள் மல்லாந்து கிடக்கும், சின்னத் தவளைகளும். தவளை போனதால்தான் பூச்சி வந்தது என்று அடித்துச் சொல்ல நான் படித்தவன் இல்லை. புது நெல்லால் வந்தது என்றார்கள், உரத்தால் வந்தது என்றார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்.

தண்ணீர் பாய்ச்ச நான் இருட்டில் நடக்க ஆரம்பித்தேன். வேறு வழி இல்லை. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் தடி. தரையைத் தட்டிக்கொண்டே போவேன். பயம் போகவில்லை, பயத்தோடு நடக்கப் பழகினேன். எட்டாவது கழனியில் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் சவுக்கு மட்டும் தெரியும். காற்றே இல்லாத ராத்திரியிலும் அது எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். குடிசை முதலில் கூரை போய், அப்புறம் சுவர் கரைந்து, மேடாக ஆனது. யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு இல்லாமல் மோட்டாரை நிறுத்துவது எனக்கு ரொம்ப நாள் வேறு மாதிரி இருந்தது. பொத்தானை அழுத்திய பிறகு வரும் அமைதி பெரிதாக இருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், கடையில் வடை கட்டிக்கொடுத்த காகிதத்தில், தவளைக்கால் ஏற்றுமதியை அரசாங்கம் நிறுத்திவிட்டதாகப் படித்தேன். எண்ணெய் ஊறி மீதி எழுத்துகள் தெரியவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா அண்ணனோடு மெட்ராஸுக்குப் போய்விட்டாள். நான் வீட்டுக்கும் கொட்டகைக்குமாக இருந்தேன். சொல்ல யாரும் இல்லாததால் அந்தக் காகிதத்தைக் கொட்டகைச் சுவரில் செருகி வைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆடியில், மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தபோது, கடைக் கழனிப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. ஒன்றே ஒன்று. பதில் இல்லை. நான் என்னையறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். அறுபதோ எழுபதோ ஆனபோதுதான் அது எனக்கே தெரிந்தது. எண்ணுவதை விட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இனிமேல் அதை நம்பி நிறுத்த மாட்டேன். நடந்துதான் பார்க்க வேண்டும்.

நடந்தேன். தண்ணீர் ஆறாவது கழனியைக்கூடத் தாண்டவில்லை. கடைக் கழனி காய்ந்து கிடந்தது. அந்தத் தவளை தண்ணீருக்காகக் கத்தவில்லை. மழை வரப்போகிறதோ, துணையைத் தேடியதோ, எனக்குத் தெரியாது. வெளிச்சம் பட்டதும் கத்துவதை நிறுத்திவிட்டது. பெட்ரோமாக்ஸ் ஞாபகம் வந்தது. டார்ச்சை அணைத்துவிட்டுக் கழனிக்குள் இறங்கினேன்.

வெளிச்சமே இல்லாமல் இருட்டில் அந்தக் கழனியில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. காலைச் சுற்றி என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அசையாமல் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, காலடியில் மண் குளிர்ந்தது. பிறகு தண்ணீர் வந்து விரல்களைத் தொட்டது. கணுக்கால் வரை ஏறியது.

அது மறுபடி கத்தவில்லை. நான் திரும்பி நடந்துபோய் மோட்டாரை நிறுத்தினேன்.